கவனத்திலிருந்து நழுவும் இடப்பக்கம்

பக்கவாதம் மூளையின் வலது அரைக்கோளத்தைத் தாக்கும்போது, இடது கைகால் செயலிழப்பதோடு, இடப்பக்கத்து உலகமே நோயாளியின் கவனத்திலிருந்து நழுவிவிடுவதுண்டு. இந்நிலை ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படுகிறது. பார்வைப் புலத்தில் பாதியை இழந்தவர் தம் குறையை உணர்ந்து தலையைத் திருப்பிச் சமாளித்துக்கொள்வார். புறக்கணிப்புக்கு ஆளானவரோ, அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே எண்ணாமல், இலையின் வலப்பாதியை உண்டு முடித்துச் சோறு போதவில்லை என்பார். தொடுவுணர்விலும் இக்குறை வெளிப்படும்: இடது கையை மட்டும் தொட்டால் உணர்பவர்கூட, இரு கைகளையும் ஒருசேரத் தொட்டால் வலது கையில் பட்டதை மட்டுமே சொல்லக்கூடும்.

குறை கண்ணில் இல்லை என்பதை, மிலான் நகரில் எதுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுசாத்தி ஆகியோர் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. அந்நகரின் பேராலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்து சதுக்கத்தை வருணிக்கச் சொன்னபோது, நோயாளிகள் வலப்பக்கக் கட்டடங்களையே பெரிதும் குறிப்பிட்டனர். பேராலய வாயிலிலிருந்து எதிர்த்திசையை நோக்குவதாக நினைக்கச் சொன்னதும், முன்னர் விட்டவற்றைக் கூறி, கூறியவற்றை விட்டனர். நினைவில் முழுச் சதுக்கமும் இருந்தும், கவனம் அதன் ஒரு பாதியையே எட்டியது.

தம் குறையை அறியாதவரிடம் இடப்பக்கம் பார்க்கும்படி சொல்வது மட்டும் போதாது என்பதால், பயிற்சிகள் இரு வழிகளில் அமைகின்றன. முதலாவது, பழக்கத்தை ஊன்றச் செய்வது: தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு வரைந்து, அது கண்ணில் பட்ட பிறகே ஒவ்வொரு வரியையும் படிக்கச் செய்வர், இடது கையில் அசைவு எஞ்சியிருப்பின், அதை இடப்பக்கத்திலேயே அசைக்கவும் பழக்குவர். இரண்டாவது, மூளையின் திசைக்கணக்கையே திருத்த முயல்வது: காட்சியை 10 பாகை வலப்புறம் நகர்த்தும் முப்பட்டகக் கண்ணாடியை அணிந்து எதிரிலுள்ள புள்ளியைச் சுட்டும் விரல் முதலில் வலப்புறம் விலகும், பலமுறை சுட்டியபின் கை தன்னைத் திருத்திக்கொள்ளும், கண்ணாடியைக் கழற்றியதும் அத்திருத்தம் எஞ்சி, கையை இடப்புறம் இழுக்கும். இதற்குப்பின் புறக்கணிப்பு தணிந்து, அப்பயன் 2 மணி நேரமாவது நீடித்ததை ஈவ் ரொசெத்தி குழுவினர் 1998இல் காட்டினர்.

எனினும் பிற்கால ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. தாளில் எழுதும் சோதனையில் தேறியவர் வீட்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே அழைப்பு மணி போன்ற அவசரப் பொருள்களை வலப்பக்கம் வைத்துவிட்டு, உரையாடும்போது குடும்பத்தார் சற்று இடப்பக்கமாக அமர்ந்து, நோயாளியின் பார்வை தம்மை வந்தடையும்வரை பொறுத்திருப்பதும் சிகிச்சையின் பகுதியே.