ஜம்ப் பைக்குக்குக் கிராங்கும் பி.பி.யும்: அளவு, ஆபத்து, சட்டப் பாதுகாப்பு

ஜம்ப் பைக் மண்மேடுகளில் எகிறிக் குதிப்பதற்கென்றே செய்யப்படும் சைக்கிள். பெரும்பாலும் 26 அங்குலச் சக்கரம், சுமார் 100 மி.மீ. அமுங்கும் முன்ஃபோர்க், ஒற்றை கியர். ஓட்டுபவர் சீட்டில் உட்காருவது அபூர்வம்; பெடல்களில் நின்றபடியே எகிறி, நின்றபடியே இறங்குகிறார். தரையில் இறங்கும் ஒவ்வொரு முறையும் விழும் அடி பெடல் வழியே கிராங்குக்கும், கிராங்கிலிருந்து அச்சுக்கும், அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் (பி.பி.) போகிறது. இந்த மூன்றில் ஒன்று மற்றதோடு சரியாக உட்காராவிட்டால், அது நழுவுவதோ உடைவதோ பெரும்பாலும் பாரம் உச்சத்தில் இருக்கும் அந்த நொடியில்தான்.

காட்டர் பின் அடித்த பழைய ரோட்ஸ்டர் சைக்கிளுக்குத் தெருமுனைக் கடையிலேயே பி.பி. அச்சும் கப்பும் கிடைத்துவிடும். ஜம்ப் பைக்கில் அந்த வசதி இல்லை. மலைச் சைக்கிள், பி.எம்.எக்ஸ். என்ற இரண்டு குடும்பங்களுக்கு நடுவே பிறந்த வண்டி இது. இரு குடும்பங்களின் அளவுகளும் இதில் கலந்து கிடக்கின்றன. பிராண்டு பெயரையோ படத்தையோ பார்த்து வாங்கினால் பணம் வீணாவதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் அளக்க வேண்டியது ஃபிரேமின் அடியில் உள்ள குழல், அதாவது பி.பி. ஷெல். பழைய பி.பி.யைக் கழற்றி, துடைத்து, வெர்னியர் வைத்து உள்விட்டத்தையும் அகலத்தையும் எடுக்க வேண்டும். உள்ளே மரை இருந்து, அகலம் 68 அல்லது 73 மி.மீ. என்றால் அது பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பி.எம்.எக்ஸ். உலகில் இதையே யூரோ என்கிறார்கள். அம்பத்தூர் பி.எஸ்.ஏ. சைக்கிளுக்கும் இந்த அளவுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அந்தச் சைக்கிளின் பாகம் இதற்குச் சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பி.எஸ்.ஏ.வில் செயின் பக்கக் கப்புக்கு இடது மரை, எதிர்ப்பக்கத்துக்கு வழக்கமான வலது மரை. இது தெரியாமல் செயின் பக்கத்தைக் கடிகாரத் திசையில் அழுத்தித் திருகி, ஃபிரேமின் மரையையே அழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் விபரீதம்.

மரை இல்லாத ஷெல்களில் பேரிங்கோ கப்போ நேரடியாக அழுத்தி ஏற்றப்படும். உள்விட்டம் 37 மி.மீ. என்றால் ஸ்பானிஷ், 41.2 என்றால் மிட், 51.3 என்றால் பழைய அமெரிக்க வகை. மலைச் சைக்கிள்களில் வரும் பி.பி.92 என்ற வகையும் ஏறக்குறைய 41 மி.மீ. விட்டம் கொண்டது. மிட்டுக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான்; ஆனால் பேரிங்குக்கு அதுவே பெரிய வித்தியாசம். தளர்வாக இருந்தால் ஷெல்லைத் தேய்க்கும், இறுக்கமாக இருந்தால் ஏறும்போதே நசுங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வது அகலம்: பி.பி.92-இன் ஷெல் 92 மி.மீ. அளவுக்கு அகலமானது.

அடுத்தது அச்சு. குழப்பம் மிகுந்த இடம் இதுதான். சதுர முனை அச்சில் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என இரு வகை உண்டு. இரண்டுக்கும் சரிவு ஒன்றே, முனையின் பருமன்தான் வேறு. மாற்றிப் போட்டாலும் ஏறிவிடும் என்பதுதான் வினை. ஐ.எஸ்.ஓ. கிராங்க் ஜே.ஐ.எஸ். அச்சில் முழுதாக உள்ளே போகாது, ஜே.ஐ.எஸ். கிராங்க் ஐ.எஸ்.ஓ. அச்சில் அளவுக்கு மீறி உள்ளே போய், இறுகும் முன்பே போல்ட் முட்டி நிற்கும். சில நாள் கிரீச்சிட்டபின் கிராங்கின் சதுரத் துளை உருண்டுபோகும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. பல் வெட்டிய அச்சுகளில் ஐசிஸுக்குப் பத்துப் பல், ஆக்டாலிங்குக்கு எட்டு. ஆக்டாலிங்கிலேயே வி1, வி2 என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. பி.எம்.எக்ஸ். குழாய்க் கிராங்குகளில் 48 பல் அச்சு பரவலாக உண்டு. அச்சின் பருமன் 19, 22, 24 மி.மீ. என மாறும். பேரிங்கின் துளை அதே எண்ணாக இருக்க வேண்டும்.

கிராங்கோடு சேர்ந்தே வரும் குழல் அச்சுகளிலும் பொறி உண்டு. ஷிமானோவின் ஹாலோடெக் 2 இருபுறமும் 24 மி.மீ.; ஸ்ராமின் ஜி.எக்ஸ்.பி. செயின் பக்கம் 24, எதிர்ப்பக்கம் 22. ஸ்ராமின் டப் 28.99 மி.மீ.; அதை 30 மி.மீ. பேரிங்கில் நுழைத்தால் உள்ளே போகும், ஆனால் ஆடும். ஆடும் அச்சோடு குதிப்பதை விட அன்றைக்குக் குதிக்காமல் இருப்பதே மேல்.

இடைவெளி வளையங்களை அலட்சியமாக விடக் கூடாது. 24 மி.மீ. மலைச் சைக்கிள் கிராங்குகளில், 73 மி.மீ. ஷெல்லானால் செயின் பக்கம் ஒரு 2.5 மி.மீ. வளையம், 68 ஆனால் செயின் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று. இது தவறினால் செயின் கோணலாக ஓடும். ஒற்றை கியர் வண்டியில் கோணல் செயின் பாரம் ஏறும் நேரத்தில் கழன்றுவிடலாம். முறுக்கு அளவையும் கைப்பழக்கத்துக்கு விடாமல் டார்க் ரெஞ்ச் கொண்டு பார்ப்பது நல்லது. ஹாலோடெக் 2 இடது கிராங்கின் இரு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். கப்புகளுக்கு 35 முதல் 50.

அளவு பொருந்தினால் மட்டும் போதாது. பாகம் அந்த வேலைக்கென்று செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற அமெரிக்க வகைப்பாடு சைக்கிள் பயன்பாட்டை நிலைகளாகப் பிரிக்கிறது. கடுமையான குதிப்பு அதில் 5-ஆம் நிலை. பாகத்தின் கையேட்டில் நிலை எண் போட்டிருந்தால், வாங்குமுன் அதைப் படித்துவிட வேண்டும். சாதாரணத் தடத்துக்கான இலகு அலுமினியக் கிராங்க் ஜம்ப் பைக்கில் கச்சிதமாக ஏறும். ஆனால் அலுமினியத்தில் ஒவ்வொரு அடியின் களைப்பும் சேர்ந்துகொண்டே போகும். பெடல் மரையைச் சுற்றியும் அச்சுத் துளையின் மூலைகளிலும் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது உயிருக்கு நல்லது. பெயர் பெற்ற உற்பத்தியாளர்களும் தவறுக்கு விலக்கல்ல. 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2019 ஜூலைக்கு முன் தயாரான, பசையால் ஒட்டப்பட்ட தன் ரோடு கிராங்குகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000-ஐப் பரிசோதனைக்கு அழைத்தது. பிரிந்து வந்ததாக 4,519 புகார்கள் பதிவாகியிருந்தன. பிரியும் அறிகுறி தெரிந்தவற்றுக்கு இலவச மாற்று தரப்பட்டது. தயாரிப்புக் குறியீட்டைக் குறித்து வைத்தவருக்குத்தான் இப்படிப்பட்ட அறிவிப்பு பயன்படும்.

இனி உரிமை. இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் தரம், விலை, தரநிலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். இணையத்தில் வாங்கியது விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லையென்றால், 2020-இன் மின்வணிக விதிகளின்படி விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். ஆனால் விற்பனைப் பக்கத்தில் மிட் என்று சரியாக எழுதியிருந்து, வாங்கியவரின் ஃபிரேம் பி.எஸ்.ஏ. என்றால் பிழை விற்றவருடையது அல்ல. கடையின் திருப்பியெடுக்கும் கொள்கையே அப்போது கதி.

காயம் ஏற்பட்டால் சட்டத்தின் 6-ஆம் அத்தியாயம், பொருள் பொறுப்பு, துணைக்கு வரும். உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத பொருளுக்கும், இந்தியச் சட்டத்துக்கு உட்படாத வெளிநாட்டு நிறுவனத்தின் பொருளுக்கும் விற்றவரையே பொறுப்பாக்கலாம். தவறாகப் பூட்டிய மெக்கானிக் கடை, சேவை தந்தவர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டும். இதற்கு எதிர்முனையில் 87-ஆம் பிரிவு நிற்கிறது. விபத்தின்போது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர் மீது வழக்கு நிற்காது. வேறொரு பொருளில் பூட்டுவதற்கென விற்ற பாகத்துக்கு உரிய எச்சரிக்கை தந்திருந்தால் உற்பத்தியாளரும் தப்பிவிடலாம். அதாவது ஷெல்லை அரத்தால் ராவியோ, அச்சுக்குத் தகரம் சுற்றியோ, சுத்தியலால் அடித்தோ ஏற்றியவர் பல்லை மட்டுமல்ல, வழக்கையும் இழக்கிறார்.

ஆகவே வாங்கும்போதே ஃபிரேமின் பெயர், ஷெல் அளவு, அச்சின் வகை ஆகியவற்றை எழுதிக் கேட்டு, "பொருந்தும்" என்ற பதிலையும் எழுத்திலேயே பெற வேண்டும். பில், பெட்டி, கையேடு மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. வெல்டிங் செய்யவும் கூடாது. குறை பரிசோதனையில்தான் தெரியும் என்றால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.