21 தீவில் 2 தீவைக் காணோம்!
மூழ்கும் நிலைக்குப் போன வான் தீவு தப்பியது

ஆளைக் காணோம் என்று புகார் வரும். ஆடு, மாடு, சைக்கிள் காணோம் என்றும் வரும். தீவையே காணோம் என்றால்?

தூத்துக்குடி பக்கத்துக் கடலில் அதுவும் நடந்திருக்கிறது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். ஊர் கிடையாது. வீடு வாசல் கிடையாது. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோ மீட்டரை 1986-ல் அரசு கடல் தேசிய பூங்கா ஆக்கியது.

அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய 2 தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில்!

கடப்பாரை செய்த வேலை

தீவைத் திருடியது யார்? கடல்தான். ஆனால் கதவை உடைத்துக் கொடுத்தவன் மனிதன்.

தீவுகளைச் சுற்றி பவளப்பாறைகள் உண்டு. பார்த்தால் கல் மாதிரி இருக்கும். ஆனால் உயிருள்ளவை. வருகிற அலையின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது இந்தப் பாறைதான். வேகம் தணிந்த பிறகே அலை மணலைத் தொடும்.

இந்தக் கல்லைத்தான் பல ஆண்டுகள் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாகக் கரை சேர்த்தார்கள். சுண்ணாம்பு காளவாசலுக்குப் போனது. கட்டடத்துக்குப் போனது. தொழிற்சாலைக்கும் போனது. கடலில் முங்கியவர் கூலிக்காரர். வாங்கியவர் கையில் ஈரம்கூடப் படவில்லை.

2001-ல் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. ஆனாலும் 2005 வாக்கில்தான் கல் எடுப்பு ஓய்ந்தது. போதாததற்கு, கடல் சூடானதில் 2010, 2016 ஆண்டுகளில் பவளம் வெளுத்துச் செத்தது.

40 ஏக்கர், 5 ஏக்கர் ஆனது

தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு 1986-ல் சுமார் 40 ஏக்கர். 2014-ல் சுமார் 5 ஏக்கர்தான் மிச்சம். அதுவும் போயிருக்கும்.

2015-ல் தொடங்கி, துளை வைத்த கான்கிரீட் கட்டிகளைத் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. மணல் மறுபடி சேர்ந்தது. மீனும் வந்து தங்கியது.

பவளம் இந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. இப்போது அதற்கு அரசு பணம் செலவாகிறது!

போய்ப் பார்க்கலாமா?

"ஞாயிற்றுக்கிழமை வள்ளம் பிடிச்சு குடும்பத்தோட போயிட்டு வரலாமே" என்று நினைப்பவர்கள் கவனிக்க: வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தால் குற்றம். கடல் அட்டையைத் தொட்டாலும் குற்றம். காலில் மிதிபட்டு உடையும் பவளக் கிளை ஆண்டுக்குச் சில சென்டி மீட்டர்தான் வளரும்.

வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு இதில் நஷ்டம் இல்லை. ஆனால் மண்டபம், பாம்பன் பக்கம் தலைமுறையாகக் கடலில் முங்கி பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? கல்லை வாங்கி லாபம் பார்த்தவர் தப்பிவிட்டார். கஞ்சிக்குப் பாசி எடுப்பவரை மட்டும் விரட்டினால் போதுமா? அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு காட்ட வேண்டியது அதிகாரிகள் பொறுப்பு.

அடுத்த ஆபத்து காரைச்சல்லி தீவுக்கு. 1969-ல் சுமார் 50 ஏக்கர் இருந்தது, 2018-ல் சுமார் 14 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. அங்கும் கட்டிகள் இறக்கத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள்.

கடல் அதுவரை காத்திருக்க வேண்டுமே!