எழுபத்தைந்து வயதும் ஒரு சாசனத் திருத்தமும்

எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் ஜனாதிபதி பதவிக்கு நிற்கலாமா என்று பொதுவாகக் கேட்டால், அவரவர் சுபாவத்துக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப ஒரு விடை சொல்லிவிடலாம். ஆனால் அவ்வாறு நிற்கலாகாது என்று விதித்திருக்கும் அரசியல் சாசனத்தை, அந்த வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர் பதவியில் அமர்ந்திருக்கும்போதே திருத்தலாமா என்று கேட்கும்போது, விவகாரம் முற்றிலும் வேறாகிவிடுகிறது. உகாண்டாவின் நியாயஸ்தலங்கள் 2018-லும் 2019-லும் தீர்மானிக்க நேர்ந்தது இந்த இரண்டாவது கேள்வியையே.

1962-இல் சுதந்திரம் பெற்ற அத்தேசம், ஒபோட்டேயின் ஆட்சியிலும் இடி அமீனின் ஆட்சியிலும் பட்ட துயரம் கொஞ்சமன்று. 1986-இல் யோவேரி முசேவேனி ஆயுதப் போராட்டத்தின் மூலம் அதிகாரத்துக்கு வந்த பிறகு, நியாயாதிபதி பெஞ்சமின் ஓடோக்கியின் தலைமையில் அமைந்த கமிஷன் பிரஜைகளின் அபிப்பிராயங்களைத் திரட்ட, அரசியல் நிர்ணய சபை விவாதித்து 1995-இல் நிறைவேற்றிய சாசனம், பதவியிலிருந்து இறங்க மறுக்கும் தலைவர்களைக் கண்டு சலித்த ஜனங்களின் கவலையைச் சுமந்து பிறந்தது. இரு தவணைகளுக்கு மேல் எவரும் ஜனாதிபதியாக இருக்கலாகாது என்றும், 35 வயதுக்குக் குறைந்தவரும் 75 வயதுக்கு மேற்பட்டவரும் அப்பதவிக்கு நிற்கலாகாது என்றும் அது விதித்தது. தவணை வரம்பு 2005-இல் நீக்கப்பட்டது. எஞ்சியிருந்தது வயது வரம்பு ஒன்றுதான். 1944-இல் பிறந்த முசேவேனிக்கோ 2021 தேர்தலின்போது அந்த வயது கடந்துவிட்டிருக்கும்.

ரஃபேல் மகியேசி என்னும் பார்லிமெண்ட் அங்கத்தினர் 2017-இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா அந்த வரம்பை நீக்க முயன்றது. செப்டம்பரில் பார்லிமெண்டுக்குள்ளேயே கைகலப்பு மூண்டது. சபாநாயகர் 25 அங்கத்தினரை இடைநீக்கம் செய்ய, பாதுகாப்புப் படையினர் சபைக்குள் நுழைந்து அவர்களை வெளியே இழுத்துச் சென்றனர். மசோதாவைக் குறித்துத் தொகுதி மக்களைக் கலந்தாலோசிக்கவென்று அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் 2 கோடியே 90 லட்சம் உகாண்டா ஷில்லிங் வழங்கப்பட்டது. டிசம்பர் 20-ஆம் தேதி 315 பேர் ஆதரவாகவும் 62 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அதே மாதத்திலேயே ஜனாதிபதி கையொப்பமிட்டார். வயது வரம்பை நீக்கிய அதே சட்டத்தில் அங்கத்தினர்கள் தங்களுடைய ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் ஏழாண்டாக நீட்டிக்கொண்டார்கள் என்பதை வாசகர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

இச்சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு எம்பாலே நகரில் கூடிய சாசன நீதிமன்றத்தின் முன் வந்தது. அங்கே மனுதாரர்கள் பற்றிக்கொண்ட பிரதான வாதங்களுள் ஒன்று நம் நாட்டில் பிறந்தது. சாசனத்தைத் திருத்தும் அதிகாரம் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கும் அளவுக்கு விரியாது என்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நியாயாதிபதிகள் கொண்ட நம் உச்ச நீதிமன்ற அமர்வு 1973-இல் 7-க்கு 6 என்ற பெரும்பான்மையில் வகுத்த சித்தாந்தம், கடல் கடந்து ஆப்பிரிக்க மண்ணில் ஒரு தேசத்தின் விதியை நிர்ணயிக்கும் வழக்கில் துணைக்கு அழைக்கப்பட்டது இந்தியர்களாகிய நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே. ஆயினும், வயது வரம்பு அந்த அடிப்படையில் சேராது என்று உகாண்டாவின் சாசன நீதிமன்ற நியாயாதிபதிகள் ஐவரில் நால்வர் கருதினர். நியாயாதிபதி கென்னத் காகூரு ஒருவரே சட்டம் முழுவதையும் தள்ளினார். அங்கத்தினர் தமக்குத் தாமே தந்துகொண்ட இரண்டு ஆண்டுகளை நீதிமன்றம் ரத்து செய்தது. மேல்முறையீட்டில் உகாண்டா உச்ச நீதிமன்றமும் 2019 ஏப்ரலில் 4-க்கு 3 என்ற கணக்கில் திருத்தத்தை நிலைநிறுத்தியது.

வயதைக் காரணம் காட்டி ஒரு பிரஜையை விலக்குவது பாரபட்சம் என்றும், தகுதியைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் வாக்காளர்களே என்றும் திருத்தத்தை ஆதரித்தோர் சொன்ன வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்தியாவும் அமெரிக்காவும் 35 வயது என்ற கீழ்வரம்போடு நின்று, மேல்வரம்பு ஏதும் விதிக்காமலேதான் இருக்கின்றன. முதுமை ஒரு குற்றமன்று. ஆனால் பாரபட்சம் என்னும் அந்தத் தத்துவம் 1995-இலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள் உறங்கிக் கிடந்துவிட்டு, ஒருவருக்கு அது தேவைப்பட்ட வேளையில் மாத்திரம் கண் விழித்ததே, அதை எந்த நியாயவாதியாலும் விளக்க முடியாது. தமக்கே ஆண்டுகளைக் கூட்டிக்கொண்ட அங்கத்தினரின் செயல் செல்லாது என்று கண்ட நியாயாதிபதிகள், ஜனாதிபதிக்கு வழி திறந்த பகுதியையும் அதே கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்க சாசனத்தின் 27-ஆம் திருத்தம், காங்கிரஸ் அங்கத்தினர் தங்கள் ஊதியத்தை மாற்றிக்கொண்டால் அது அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தலுக்குப் பின்னரே அமலுக்கு வரும் என்கிறது. அதே நியாயத்தைப் பின்பற்றி, பதவியின் தகுதிகளையும் காலத்தையும் தளர்த்தும் திருத்தம் எதுவாயினும், அது அடுத்துப் பதவிக்கு வருபவர் காலத்திலிருந்தே செல்லும் என்று ஒவ்வொரு தேசமும் விதித்துக்கொள்ள வேண்டும். உகாண்டாவில் அப்படியொரு விதி இருந்திருந்தால், 2021 ஜனவரியில் 76 வயதில் போட்டியிட்டு ஆறாம் முறையாக வென்ற முசேவேனி, அத்தேர்தலில் வேட்பாளராகவே நின்றிருக்க முடியாது.