வீட்டுக்குள் ஒரு விமானம்

பெரியகுளத்தில் அந்த வீட்டின் மொட்டை மாடியில் ஏறி நின்றால், வடக்கே பழனி மலை ஒரு பெரிய மதில் சுவரைப் போல் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். சுவரின் மேல் விளிம்பில் கொடைக்கானல். காக்கை பறக்கிற கணக்கில் 15 கிலோ மீட்டர்தான். ஆனால் நாம் காக்கைகள் இல்லையே! தேவதானப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றைப் புரட்டப் புரட்ட ஏறி, 7,000 அடி உயரத்தில் போய் இறங்கும்போது பாதிப் பேருக்கு ஏரியைப் பார்க்கிற ஆசையே போய்விடும்.

இந்த வீட்டுப் பிள்ளை மட்டும் தினமும் சாயங்காலம் கொடைக்கானலுக்குப் பறந்து போய்விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுகிறான். அதுவும் அறையை விட்டு வெளியே வராமலே!

"நீங்களே கேளுங்கம்மா. சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் அப்படியே இருக்கு. அதைக் கொண்டுபோய் மூஞ்சியிலே மாட்டிக்கிற ஒரு கண்ணாடி வாங்கணும்கிறான். இது படிப்பா, விளையாட்டா?" என்று அவனுடைய தாயார் என்னிடம் முறையிட்டார்.

உங்களில் சிலர் வீட்டிலும் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். ஆகையால் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறேன்.

விளையாட்டா, படிப்பா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. 1929-ம் வருஷம் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்ற இளைஞர், தம் தகப்பனாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கிடந்த துருத்திகளை வைத்து, தரையிலேயே ஆடி அசையும் ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். நம் ஆர்மோனியத்துக்கு மூச்சுக் கொடுக்கிறதே, அந்த ஜாதித் துருத்திதான். காசு கொடுத்து ஏறி இறங்கும் பொருட்காட்சி வேடிக்கை என்றே ஜனங்கள் அதை முதலில் நினைத்தார்கள். 1934-ல் தபால் மூட்டைகளைச் சுமந்து சென்ற ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் அகப்பட்டு மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு இயந்திரங்களை வாங்கிற்று.

அந்த இயந்திரத்தின் கொள்ளுப் பேரன்தான் இந்தப் பையனின் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. 2020 ஆகஸ்டு மாதம் மைக்ரோஸாப்ட் வெளியிட்ட ஃப்ளைட் ஸிமுலேட்டர் அது. ஆகாயத்திலிருந்து பிடித்த படங்களை, மேடு பள்ளக் கணக்கின் மேல் துணி போர்த்துவது போலப் போர்த்தி, உலகம் முழுவதையும் காட்டுகிறார்கள். மதுரை விமான நிலையத்தில் ஒரு சின்ன ஸெஸ்னா 172 விமானத்தைக் கிளப்பி, வடமேற்கே மூக்கைத் திருப்பினால் கொடைக்கானல் 80 கிலோ மீட்டர். நிமிஷத்துக்கு 500, 600 அடியாக ஏற வேண்டும்; மலையைத் தாண்டும் உயரத்துக்குப் போகவே கால் மணி நேரம் ஆகிறது. இடது பக்கம் வைகை அணை தெரிகிறது. பிறகு தரை மேலே எழும்பி வருகிறது பாருங்கள், எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உள்ளங்கால் கூசிற்று!

ஆனால் தூண் பாறைகளைக் காட்டு என்றேன். பையன் கொஞ்சம் வெட்கத்துடன், "அது சரியா வராதுங்க" என்றான். துணி போர்த்தியது போல் என்று சொன்னேன் அல்லவா? 400 அடி நெட்டுக்குத்தாக நிற்கும் பாறை மேல் துணியைப் போர்த்தினால் என்ன ஆகும்? 2000-ம் வருஷம் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியை அளந்தபோது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கணக்கெடுத்தது. பொதுவில் கிடைப்பது அந்த மாதிரிக் கணக்குத்தான். குறுகலான தூண்கள் அதற்குள் அகப்படாமல் சரிவாக வழிந்துவிடுகின்றன. லட்ச ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினாலும் கணக்கில் இல்லாத பாறையை அது காட்டப் போவதில்லை. கடைக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். வீட்டில் பறக்கிற மணிகளை விமானி லைசென்ஸுக்கு யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தொழில்முறை லைசென்ஸுக்கு நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகையால், "இதை வாங்கிக் கொடுத்தால் பைலட் ஆகிவிடுவேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வேறொன்று வரும். 1971 டிஸம்பர் 9-ம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, பார்வை சரியாகத் தெரியாத நிலையில் இறங்கி, சின்னமனூருக்குப் பக்கத்து மலையில் மோதிற்று. 21 பேர் மாண்டார்கள். இதே ஜில்லாதான். மேகத்துக்குள் கண்ணை நம்பாமல் கருவிகளை நம்புவது எப்படி என்பதை, ஒருவர் உயிரையும் பணயம் வைக்காமல் மேஜையிலேயே பழகலாம். பையன் அன்று என் எதிரிலேயே இரண்டு தடவை மலையில் மோதினான்!

இப்போது பணத்துக்கு வருவோம். என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் கைக்கு வாங்குங்கள், கண்ணுக்குக் கடைசியில் வாங்குங்கள்.

கைக்கு என்றால் ஜாய்ஸ்டிக். விசைப்பலகையால் விமானம் ஓட்டுவது கரண்டிக் காம்பால் கோலம் போடுவதற்குச் சமானம். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் குச்சியிலேயே, பிடியைத் திருகினால் வாலின் சுக்கான் திரும்புகிற வசதி இருக்கிறது. ஆகவே கால் மிதி தனியாக வாங்க அவசரம் இல்லை. கட்டைவிரலுக்கு மேல் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதை நகர்த்தினால் இடம், வலம், கீழே எல்லாம் எட்டிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் நாளாவட்டத்தில் கரகரக்கும், தெரியுமா? மலிவான குச்சிக்குள் இருப்பதும் அந்த மாதிரிப் பாகந்தான். தேய்ந்தால், தொடாமலே விமானம் ஒரு பக்கம் சாயும். காந்தத்தால் வேலை செய்யும் 'ஹால்' உணர்கருவி உள்ளது தேய்வதில்லை. விலை கொஞ்சம் கூடத்தான்.

கால் மிதி வாங்கிய பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். மிதியை அழுத்தினால் விமானம் திரும்பாது. சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் ஓடும்! சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டால் செலவு மிச்சம்.

அடுத்தது கம்ப்யூட்டர். 'ராம்' என்பது சமையல் மேடை; டிஸ்க் என்பது உக்கிராண அறை. மேடை சிறிதாக இருந்தால், சாமானை எடுக்கவும் வைக்கவுமே பொழுது போய்விடும். 2024-ல் வந்த புதிய ஸிமுலேட்டருக்குக் குறைந்தபட்சம் 16 ஜி.பி.; 32 இருந்தால் நல்லது என்கிறார்கள். இந்த வீட்டில் 16 இருந்தது. இன்னொரு 16 சேர்ப்பதும், பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதும் சின்னச் செலவு. படம் போடும் கார்டுதான் பெரிய செலவு. அதை மாற்றுவதற்கு முன் மின்சாரப் பெட்டி தாங்குமா என்று பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட்டோடு திருப்தியடைகிறது. 4090 வாங்கினாலோ 450 வாட். சின்ன மிக்ஸி ஒன்றை மணிக்கணக்கில் ஓடவிட்டது மாதிரி!

கண்ணாடியை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்பீர்கள். சாதாரணத் திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். மெட்டா க்வெஸ்ட் 3 கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு மட்டுமே 45 லட்சத்துக்கு மேல். இரண்டு கண்ணுக்கும் 90 லட்சம். திரையில் வினாடிக்கு 30 படம் வந்தால் போதும். கண்ணாடியிலோ 72, 90 என்று வேண்டும். ஆக, கண்ணாடி வாங்கினால் அதற்கு ஈடு கொடுக்கிற கார்டும் வாங்கியாக வேண்டும். 60,000 ரூபாய் முன்பணந்தான்!

ஈடு கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பையன் மதுரை நண்பன் ஒருவனிடம் கண்ணாடியை இரவல் வாங்கி வந்து, தன் பழைய ஜி.டி.எக்ஸ். 1650 கார்டில் மாட்டிப் பார்த்திருக்கிறான். தலையைத் திருப்பினால் மலை ஒரு கணம் தாமதித்துத் திரும்பியதாம். ஆறாவது நிமிஷம் குளியலறைக்கு ஓடினான்.

இது கொடைக்கானல் பஸ்ஸில் வருகிற அதே வியாதி. ஆனால் தலைகீழாக வருகிறது. பஸ்ஸில், காதுக்குள் இருக்கும் உறுப்பு வளைவை உணர்கிறது; கண்ணோ முன் ஸீட்டின் முதுகைப் பார்த்து, "எதுவும் அசையவில்லையே" என்கிறது. கண்ணாடியிலோ கண், "திரும்புகிறோம்" என்கிறது. காது, "நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு தண்டனை அனுபவிக்கிறது. வைத்தியமும் பஸ் வைத்தியந்தான். தூரத்து மலை விளிம்பைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு மின்விசிறிக் காற்று வேண்டும். நெற்றி வியர்த்ததும் கழற்றிவிட வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பழகிவிடலாம் என்பது தவறு. ஆகவே, யாரிடமாவது பத்து நிமிஷம் இரவல் வாங்கி மாட்டிப் பாராமல் கண்ணாடிக்குப் பணம் கட்டாதீர்கள்.

பழையதாக மலிவாகக் கிடைக்கிறதே என்றால், அதில் ஒரு பள்ளம் உண்டு. 2020-ல் வந்த எச்.பி. ரிவெர்ப் ஜி-2 விமானப் பிரியர்கள் கொண்டாடிய கண்ணாடி. அது 'விண்டோஸ் மிக்ஸட் ரியாலிட்டி' என்ற ஏற்பாட்டை நம்பியிருந்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் மைக்ரோஸாப்ட் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. நல்ல நிலையில் இருந்த கண்ணாடிகள் புதுப் பதிப்புக்கு மாறியதும் வேலை செய்யாமல் போயின. இன்னும் இரண்டு விஷயம். மலை மேல் வசிப்பவர்கள் லென்ஸில் பூசணம் பிடிக்காமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கவேண்டும். எங்கே வசித்தாலும் ஜன்னல் வெயில் லென்ஸில் படக்கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல் உள்ளே இருக்கும் திரையை எரித்துவிடும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கண்ணாடியே வேண்டாம்.

இவ்வளவும் பேசி முடித்தபோது, வாசல் திண்ணையிலிருந்து அப்பத்தா, "அந்த மலையை எனக்குக் காட்ட மாட்டானாக்கும்?" என்றார். அவர் 1970-ம் வருஷம், குறிஞ்சி பூத்தபோது, புதுப் பெண்ணாகக் கொடைக்கானல் போனவர். இப்போது மூட்டு வலி. மலை ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. கண்ணாடியை மாட்டினால் ஒருவர்தான் பார்க்கலாம், அதுவும் அந்த வயதில் தலை சுற்றும். பையன் ஒரு கேபிளை எடுத்து வந்து, கம்ப்யூட்டரைக் கூடத்து டெலிவிஷனில் இணைத்தான். பத்து நிமிஷ வேலை. செலவு கேபிள் மட்டுந்தான்.

டெலிவிஷனில் மலை முகடு வந்தது. பிறகு நட்சத்திரம் போல் விரிந்த ஏரி. அப்பத்தா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"பூவைக் காணோமேடா?"

"இதிலே பூவெல்லாம் இருக்காது, அப்பத்தா. நிஜமா பூக்கிறதே இனி 2030-லேதான்."

"சரி சரி. கொஞ்சம் மெதுவாப் போ. ஏரியைத் தாண்டிட்டே பாரு, திரும்பு."

தாயார் அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். "அந்தக் குச்சி என்ன விலை சொன்னீங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.