மழைக்காலமும் மோட்டார் சைக்கிள் சங்கிலியும்

மும்பையில் ஜூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரையில் மழை ஓய்வதில்லை. அந்நாள்களில் மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் நீர் தேங்குவதும், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் அந்நீரையே கிழித்துக்கொண்டு வேலைக்குச் செல்வதும் ஆண்டுதோறும் காண்கின்ற காட்சியாகும். வீடு திரும்பியதும் பெட்ரோல் தொட்டியைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறோம். எஞ்சினின் வலிமை முழுவதையும் பின்சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும் சங்கிலியை மட்டும், அது கரகரவென்று ஓசையிடும் வரையில் நாம் நினைப்பதில்லை.

இன்று வழங்கும் உருளைச் சங்கிலிக்கு 1880-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர் அவர். நம் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் பல்லாண்டுகளாகச் சங்கிலிகள் செய்யப்படுகின்றன. ஆகவே மாதுங்காவில் ஓடும் வண்டியின் சங்கிலி நம் ஊரிலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் உருக்கு முளை உண்டு. அம்முளையைச் சூழ்ந்து புஷ் என்னும் குழலும், புஷ்ஷின்மேல் சுழலும் உருளையும் அமைந்திருக்கின்றன. கண்ணி வளையும்போதெல்லாம் முளை புஷ்ஷினுள்ளே உராய்கிறது. உண்மையான தேய்மானம் நடைபெறும் இடம் இதுவே. சாலை மணல் நீரோடு கலந்து அந்த இடுக்கில் புகுந்தால் அரத்தைப் போல் அராவும். கடற்காற்றின் உப்போ வெளித்தகடுகளில் துருவை வளர்க்கும்.

“சங்கிலி நீண்டுவிட்டது” என்று பட்டறைக்காரர் சொல்லும்போது, உருக்கு ரப்பரைப் போல் இழுபட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. கண்ணி ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே, 110 கண்ணிகளில் 11 மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். சிறிய வண்டிகள் பலவற்றில் முளைக்கும் முளைக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இருக்கும். சங்கிலியை விறைப்பாக வைத்து, ஒரு முளையின் நடுவிலிருந்து 21-ஆம் முளையின் நடுவரை அளந்தால் புதிய சங்கிலி 254 மில்லிமீட்டர் காட்டும். அது 259-ஐ எட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். தேய்ந்த பற்சக்கரங்களின்மேல் புதுச்சங்கிலியைப் பூட்டுவது வீண்செலவு. அது விரைவிலேயே கெடும். மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே சிக்கனம்.

தூய்மை செய்யும் முறைக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சுழலும் சங்கிலியின்மேல் துணியைப் பிடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேலை எளிதில் முடியுமென்பது மெய்தான். ஆனால் பற்சக்கரம் துணியைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கையை விடுவிக்க நொடிப்பொழுதும் கிடைக்காது. விரல் இழந்தவர் பலரின் கதை இதுவே. ஆதலின் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையாலேயே சுழற்ற வேண்டும். அப்போதும் விரல்கள் பற்களுக்கு எட்டத்திலேயே இருக்கட்டும்.

மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான தூரிகையால் நான்கு புறமும் தேய்த்து, அழுக்கு கரைந்தபின் துணியால் ஒற்றி உலர்த்துவது போதும். அருகில் அடுப்போ பீடி நெருப்போ கூடாது. குறுகிய சந்துகளில் குடியிருப்போர் இதைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். வடிந்த கறுப்பு எண்ணெயை ஒரு தகர டப்பாவில் பிடித்துக்கொள்க. தாராவியின் சாக்கடைநீர் மித்தி ஆற்றையும் மாகிம் கழிமுகத்தையும் நாடிச் செல்வது. அங்குச் சேரும் கசடு போதாதா?

பெரிய வண்டிகள் பலவற்றில், தகடுகளின் நடுவே ரப்பர் வளையங்கள் பொருத்திய சங்கிலி வருகிறது. உள்ளே கிரீஸ் ஆலையிலேயே அடைக்கப்பட்டிருக்கும். பெட்ரோலும் கம்பித் தூரிகையும் அவ்வளையங்களைக் கெடுத்துவிடும்.

சற்றுத் தொலைவு ஓட்டிச் சங்கிலி வெதுவெதுப்பாயிருக்கையில் எண்ணெய் இடுவது நன்று. எண்ணெய் இளகி இடுக்குகளில் எளிதில் இறங்கும். கீழ்ப்புறச் சங்கிலியின் உட்பக்கத்தில், இரு தகடுகளும் சேரும் ஓரங்களில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சுழற்சியின் வேகம் அதனை வெளிநோக்கித் தள்ளிப் பரப்பும். கடையில் 90 எண் என்று விற்கும் கியர் எண்ணெய் இதற்குப் பொருந்தும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பூசுவோரும் உளர். காசு மிச்சமாவதாகத் தோன்றினும், அதில் கரியும் நுண்ணிய உலோகத் துகளும் கலந்திருக்கும். தேய்மானத்தைத் தடுக்க வேண்டியதற்குள் தேய்ப்பதையே ஊற்றுவதாகும் அது. அரைமணி நேரம் ஊறவிட்டு மேலே தங்கியதைத் துடைத்துவிடுக. வழியும் எண்ணெய் மணலை ஈர்க்கும்; டயரில் பட்டால் வண்டி வழுக்கும்.

பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது போதும். தேங்கிய நீரில் ஓட்டிய நாளில் கணக்குப் பாராமல் அன்றே செய்தல் வேண்டும்.

தொய்வையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் கீழ்ச்சங்கிலி நடுவே 20 முதல் 30 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசையலாம். கையேட்டில் குறித்த அளவே முடிவானது. சக்கரத்தைச் சுழற்றி, சங்கிலி மிக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் பேரிங் கெடும். மிகையாகத் தொய்ந்தால் சங்கிலி கழன்று பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். செம்பூர் நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வருகையில் அவ்வாறு நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இணைப்புக் கண்ணியின் சிறு கிளிப்பைக் கழற்றி மாட்டுவோர், அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்குமாறு மாட்ட வேண்டும். முழு உறைக்குள் சங்கிலி மறைந்திருக்கும் வண்டிகளில் தொய்வைப் பார்க்க ரப்பர் மூடியிட்ட சிறு துளை இருக்கும். மழைநீர் அவ்வுறைக்குள்ளும் புகுவதால், பருவமழைக்கு முன்னும் பின்னும் உறையைக் கழற்றிப் பார்ப்பது அவசியம்.