ஸ்பெயினுக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா?

 

போன மாதம் நம் இலக்கிய மன்றத்தில் "ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரில் வெளிநாடுகள் தலையிடலாமா, கூடாதா?" என்று பட்டிமன்றம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் "கூடாது" அணி. போர் என்றாலே வேண்டாம், யாருக்கும் ஆயுதம் கொடுக்கவே கூடாது என்று பேசினேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் சமூக அறிவியல் டீச்சர் கூப்பிட்டு, "நல்லா பேசுன. ஆனா ஸ்பெயினைப் பத்திப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார். ஸ்பெயின் என்றால் எனக்குக் கால்பந்து மட்டும்தான் தெரியும். டீச்சர் கொடுத்த புத்தகங்களை மூன்று வாரமாகப் படித்தேன். இப்போது அந்தக் கைதட்டலை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1936 பிப்ரவரியில் ஸ்பெயினில் தேர்தல் நடந்தது. இடதுசாரிகளும் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்த மக்கள் முன்னணி வென்றது. ஐந்தே மாதத்தில், ஜூலை 17 அன்று, ராணுவத் தளபதிகள் கலகம் செய்தார்கள். அவர்களுக்குப் பிறகு தலைவரானவர்தான் பிராங்கோ. நாடு இரண்டாகப் பிளந்தது. ஸ்பெயின் பிரதமர் ஹிரால் உடனே பிரான்சுக்குத் தந்தி அடித்தார்: விமானமும் ஆயுதமும் அனுப்புங்கள் என்று.

பிரான்சின் பிரதமர் லியோன் ப்ளூம் ஒரு சோஷலிஸ்ட். தந்தியைப் பார்த்ததும் கொடுக்கத்தான் நினைத்தார். ஆனால் அவருடைய கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு. பிரிட்டனுக்கும் விருப்பமில்லை. முதல் உலகப் போர் முடிந்து 18 வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் பிரான்சில் மட்டும் 13 லட்சத்துக்கும் மேல் வீரர்கள் செத்திருந்தார்கள். இன்னொரு முறை அப்படி ஆகிவிட்டால்? அதனால் யாருமே யாருக்கும் ஆயுதம் கொடுக்க வேண்டாம் என்று ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது. அதற்குப் பெயர் "தலையிடாமை". 27 நாடுகள் சேர்ந்தன.

ஜெர்மனியும் இத்தாலியும்கூடச் சேர்ந்தன! சேர்ந்துகொண்டே பிராங்கோவுக்கு விமானமும் ஆட்களும் அனுப்பின. இத்தாலி மொத்தம் 70 ஆயிரம் பேருக்கு மேல் அனுப்பியது. சோவியத் யூனியன் அக்டோபரிலிருந்து அரசுப் பக்கத்துக்கு டாங்கியும் விமானமும் அனுப்பியது. அது சும்மா வரவில்லை, சுமார் 500 டன் தங்கம் ஸ்பெயினிலிருந்து மாஸ்கோ போனது. ஆக, சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள் மட்டும்தான் தலையிடவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

செப்டம்பரில் ப்ளூம் பாரிசில் ஒரு பெரிய கூட்டத்தில் தன் முடிவை விளக்கினார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவர் கட்சிக்காரர்கள்தான். "ஸ்பெயினுக்கு விமானம் கொடு" என்று அவர்களே அவரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் பயந்தாங்கொள்ளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயுதம் அனுப்பும் போட்டி தொடங்கினால் அது ஐரோப்பா முழுவதும் பரவும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

என்னை யோசிக்க வைத்தது எதுவென்றால், சண்டை போட்டுக்கொண்டது போரை விரும்பியவர்களும் விரும்பாதவர்களும் இல்லை. இரண்டு பக்கமும் போரை எதிர்த்தவர்கள்தான்.

பென்னர் பிராக்வே என்று ஒருவர். 1888-ல் நம் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் "நான் ஆளைக் கொல்ல மாட்டேன்" என்று ராணுவத்தில் சேர மறுத்து ஜெயிலுக்குப் போனவர். போரை மறுப்பவர்களின் சர்வதேசச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். அவரே ஸ்பெயின் விஷயத்தில் மனம் மாறிவிட்டார். அந்தத் தொழிலாளர்கள் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பிக்கொண்டு, அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அங்கே போனபோது அறிமுகக் கடிதம் கொடுத்தவர் இவர்தான்.

அதே பிரிட்டனில் ஜார்ஜ் லான்ஸ்பரி என்ற முதியவர், தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர். ஆயுதமே கூடாது என்பதில் அவர் கடைசிவரை மாறவில்லை. 1937-ல் ஹிட்லரையும் முசோலினியையும் நேரில் போய்ப் பார்த்துச் சமாதானம் பேசினார். (பட்டிமன்றத்தில் நான் பேசியது முழுக்க லான்ஸ்பரி பேச்சுதான். அவர் பெயரே எனக்கு அப்போது தெரியாது!)

1936 அக்டோபரில் தொழிற்கட்சி மாநாடு எடின்பரோவில் நடந்தது. முதலில் தலையிடாமைக்குத்தான் பெரும்பான்மை ஓட்டு. பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த இசபெல் டி பலென்சியா என்ற அம்மையார் பேசினார். அவருடைய தாய் ஸ்காட்லாந்துக்காரர். அதனால் நம்ம ஊர்ப் பொண்ணு பேசுவது போல இருந்திருக்கும் கேட்டவர்களுக்கு. மாநாட்டின் மனசே மாறியது. அடுத்த வருஷம் கட்சி அந்தக் கொள்கையைக் கைவிட்டது. அவர்கள் கேட்டது என்ன? பிரிட்டன் படை போய்ச் சண்டை போட வேண்டும் என்றா? பெரும்பாலானவர்கள் அப்படிக் கேட்கவில்லை. தேர்தலில் வென்ற அரசு காசு கொடுத்து ஆயுதம் வாங்கினால் தடுக்காதே என்றுதான் கேட்டார்கள். பட்டிமன்றத் தலைப்பில் "தலையிடுதல்" என்று ஒரே சொல்தான் இருந்தது. அதற்குள் இத்தனை வகை இருப்பது எங்கள் இரண்டு அணிக்குமே தெரியவில்லை.

என் அம்மாச்சி ஊரில் ஒரு வீட்டில் ராத்திரியானால் அடி விழும் சத்தம் கேட்கும். "அது அவுங்க குடும்ப விஷயம்" என்று தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அம்மாச்சி மட்டும் போய் அந்த அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் அந்த அக்காவுக்கு இன்னும் கூடுதலாக அடி விழுந்ததும் உண்டு. அப்புறமும் அம்மாச்சி போவதை நிறுத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவர்களை நான் நல்லவர்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அம்மாச்சி அரிவாளோடு போகவில்லை, வெறுங்கையோடுதான் போனது. நாடும் வீடும் ஒன்றில்லை என்று டீச்சர் சொல்கிறார். சரிதான், இருந்தாலும் படிக்கும்போதெல்லாம் அந்த வீடுதான் ஞாபகம் வந்தது.

1937 ஏப்ரல் 26, சந்தை நாள். குவெர்னிகா என்ற ஊரின்மேல் ஜெர்மன், இத்தாலி விமானங்கள் குண்டு போட்டன. பிக்காசோ அதைத்தான் பெரிய ஓவியமாக வரைந்தார். அடுத்த மாதமே, பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று பிரிட்டனுக்கு ஒரு கப்பலில் ஏறக்குறைய 4 ஆயிரம் பிள்ளைகளை அனுப்பினார்கள். சுமார் 800 பேர் போகிற கப்பல் அது. ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் எண் எழுதிய அட்டை. செலவுக்குப் பணம் தரமாட்டோம் என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. பொதுமக்களே சோறு போட்டார்கள். துப்பாக்கி கொடுக்கலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் சேர்ந்து வேலை செய்த இடம் இது. சில நூறு பிள்ளைகள் திரும்பிப் போகவே இல்லை.

கடைசியாக ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமோன் வெய்ல், பிரான்சுக்காரர், வயது 27. போரை வெறுத்தவர். ஆனால் ஒரு பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று மனசுக்குள் தினமும் வேண்டிக்கொண்டு, பாதுகாப்பாகப் பாரிசில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. 1936 ஆகஸ்டில் ரயிலேறிப் போய், பிராங்கோவை எதிர்த்த துருத்தியின் தொழிலாளர் படையில் சேர்ந்தார். கண் பார்வை சரியில்லாதவர். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குள் காலை வைத்துவிட்டார். காலில் பயங்கரத் தீக்காயம். சில வாரங்களில் ஊர் திரும்பினார். இவ்வளவு செய்தவர், பிரான்ஸ் அரசு தலையிடக் கூடாது என்றே எழுதினார்!

பின்னாளில் ஒரு கடிதத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறார். பிராங்கோ பக்கம் சண்டையிட்டுப் பிடிபட்டவன். வயது 15. துருத்தி அவனிடம் ஒரு மணி நேரம் பேசி, எங்களோடு சேர், இல்லையென்றால் சாவு, 24 மணி நேரம் யோசி என்றார். பையன் மாட்டேன் என்றான். சுட்டுவிட்டார்கள். அது தெரிந்த நாளிலிருந்து தன் மனசை அது விடவே இல்லை என்கிறார் வெய்ல். ஆனால் 1939 மார்ச்சில் ஹிட்லர் பிராகாவுக்குள் நுழைந்ததும் அவரும் மாறினார். ஆயுதமே கூடாது என்றிருந்தது பெரிய தவறு என்று தன்னையே கடிந்துகொண்டார்.

1939 ஏப்ரல் 1-ல் பிராங்கோ ஜெயித்தார். 1975-ல் சாகும்வரை அவர் ஆட்சிதான். ப்ளூம் தவிர்க்க நினைத்த உலகப் போர் அதே 1939 செப்டம்பரில் வந்துவிட்டது. ப்ளூமை ஜெர்மானியர்கள் புக்கன்வால்ட் முகாமில் அடைத்தார்கள்.

மறுபடி பட்டிமன்றம் வைத்தால் எந்த அணியில் உட்காருவாய் என்று என் பக்கத்து பெஞ்ச் தோழி கேட்டாள். அவள் போன முறை "தலையிடலாம்" அணி. அந்த அரசு ஆயுதம் வாங்குவதைத் தடுத்திருக்கக் கூடாது, அதனால் உன் பக்கம் வருகிறேன் என்றேன். அவள் இந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் பதினஞ்சு வயசுப் பையனைச் சுட்டதும் நம்ம பக்கம்தானேடி?" என்றாள். ஆமாம், நம்ம பக்கம்தான்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி