ஈ பறக்கும் தூரமும் குச்சி போகும் தூரமும்

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் மரவள்ளி வயல் கிடையாது. ஆனால் ஈரச்சந்தையில் கிழங்கு கிடைக்கிறது. பபிள் டீயின் கரிய உருண்டைகளும் மரவள்ளி மாவுதான். அந்த மாவை உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் தாய்லாந்தில் 2018இல் மரவள்ளித் தேமல் நோய் நுழைந்தது. காரணம், இலங்கையின் பெயரைத் தாங்கிய ஒரு வைரஸ். 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரியிலும், 2017இல் வியட்னாமிலும் அது தென்பட்டிருந்தது.

பரப்புவது வெள்ளை ஈ. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடலுக்குள் போய், எச்சில் வழியே அடுத்த செடிக்கு இறங்குகிறது. இலை மஞ்சள் திட்டுகளோடு சுருங்கும், கிழங்கு சிறுக்கும். வெயிலும் வறட்சியும் ஈயைப் பெருக்கும். கனமழை அடித்துப் போடும். பக்கத்து வயலில் பழைய பயிர் நிற்கும்போதே புதிதாக நட்டால், இளந்தளிர் தேடும் ஈக்கு ஆண்டு முழுக்க விருந்து.

டெங்கிக்குக் கொசு என்பதுபோல் இதற்கு ஈ என்று நினைத்து மருந்தடித்தால் மட்டும் போதாது. டெங்கி கண்டவர் பெரும்பாலும் தேறிவிடுவார். மரவள்ளி பெரும்பாலும் தேறுவதில்லை. அதன் தண்டையே வெட்டி நடுவதால் அடுத்த போகம் பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. இலங்கைப் பக்கமிருந்து வங்கக் கடலை ஈ பறந்து கடந்திருக்காது. நடவுக் குச்சியோடு மனிதர்கள்தான் வைரஸைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலம், நாமக்கல் பக்கத்திலும் இதே கதைதான். போன ஆண்டு வயலில் வெட்டியதையோ அண்டை விவசாயியிடம் வாங்கியதையோ நடுகிறார்கள். வெட்டி அடுக்கிய குச்சியில் இலை இருக்காது. நோய் இருப்பது எப்படித் தெரியும்? பயிர் பசுமையாக நிற்கும்போதே நல்ல செடிகளுக்கு அடையாளம் வைக்க வேண்டும். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ பத்மநாபா என்ற எதிர்ப்புத்திறன் ரகத்தைத் தந்திருக்கிறது. ஆனால் ஆலைகள் மாவுச்சத்தை அளந்து, பாயிண்ட் கணக்கில் விலை போடுகின்றன. நோய் தாங்குவதற்கு எந்த ஆலையும் பாயிண்ட் தராது. பழக்கப்பட்ட ரகத்தை விவசாயி விடாததில் எனக்கு வியப்பில்லை.

சிங்கப்பூர்வாசிகள் பயப்பட ஏதுமில்லை: இந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது, கிழங்கை வழக்கம்போல் வேகவைத்துச் சாப்பிடலாம். ஊரிலிருந்து நடுவதற்குக் குச்சி கொண்டுவருவதுதான் வேறு விஷயம். அதற்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.